கழிமுகத்தின் தரையைப் படிப்பது எப்படி: மணலும் சேறும் வந்த வழி

நீர் வடிந்து கிடக்கும் கழிமுகத்தைப் பார்க்கிற பலரும், ஆறு கொண்டுவந்து கொட்டிய சேறுதான் இதெல்லாம் என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. அலை அடங்கிய கழிமுகம் பலவற்றில் கடலும் தன் பங்குக்கு மணலையும் சேற்றையும் உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. எது எங்கே தங்க வேண்டும் என்பதை ஆற்றின் வரத்தும், ஒரு நாளில் பல தடவை திசை மாறும் ஓதமும் (கடல் நீரின் ஏற்றமும் வற்றமும்) சேர்ந்து முடிவு செய்கின்றன.

நீர்வழிகளின் ஆழம் அளப்பது என் தொழில். தூர்வாரிய கால்வாய் ஏன் அதே இடத்திலேயே திரும்பத் தூர்கிறது என்ற கேள்வியோடுதான் வேலை நாட்கள் போகின்றன. அதில் எனக்கு உறுதியாகப் பிடிபட்டது ஒன்று உண்டு. மணல் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால், உள்ளே வரும் ஓட்டமும் வெளியே போகும் ஓட்டமும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். சேறு எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால், நீர் எங்கே, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் வேகத்தை மட்டுமே பார்க்கிறார்கள். ஓதம் திசை மாறும்போது நீர் நிற்கும் அந்த அரை மணியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த வழிகாட்டியை எழுதுவதே அதற்காகத்தான்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். சின்ன மண்வெட்டி, ஒரு பழைய ஸ்டீல் ஸ்கேல், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில்கள் சில, தண்ணீர் பட்டாலும் அழியாத பேனா, திசைகாட்டி. கைபேசியில் திசைகாட்டி இருந்தாலும் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சேற்றுக் கையோடு தொடுதிரையைத் தடவிக்கொண்டிருப்பது பெரும் தொல்லை.

கிளம்புமுன் ஓத அட்டவணையைப் படியுங்கள்

பலர் அட்டவணையில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்பார்கள்: நீர் எப்போது அதிகமாக வடியும்? அது தேவைதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓரிரு நாளில் நீர் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வடியும். தரை அதிகம் வெளியே தெரிவது அப்போதுதான். பிறை பாதியாக இருக்கும் நாட்களில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. இந்தப் பெரிதும் சிறிதும் மாறி மாறி வருவதற்கு ஏறக்குறைய 14¾ நாள் ஆகும். முதல் தடவை போகிறவர்கள் பெரிய ஓத நாளையே தேர்ந்தெடுங்கள்.

ஆனால் அதே அட்டவணையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தாழ்நீரிலிருந்து உயர்நீர் வர எத்தனை மணி, உயர்நீரிலிருந்து தாழ்நீருக்கு எத்தனை மணி என்று கழித்துப் பாருங்கள். நாளைக்கு இரண்டு தடவை ஓதம் வரும் கரைகளில் இரண்டும் சேர்ந்து சுமார் 12 மணி 25 நிமிடம் வரும். இரண்டும் சரிபாதியாக இருந்தால் உள்ளோட்டமும் வெளியோட்டமும் ஏறத்தாழ சம பலம். ஏற்றம் 5 மணி 40 நிமிடத்தில் முடிந்து வற்றம் 6 மணி 45 நிமிடம் நீண்டால், கிட்டத்தட்ட அதே அளவு நீர் குறைந்த நேரத்தில் உள்ளே வந்தாக வேண்டும். அப்படியானால் உள்ளோட்டம் வேகமாக இருக்கும்.

ஒரு மணி நேர வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். மணலுக்கு மிகப் பெரிது. தரையோடு உருண்டு போகும் மணலின் அளவு, ஓட்டத்தின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏறுகிறது. வேகம் கால் பங்கு கூடினாலே நகரும் மணல் இரண்டு மடங்கு ஆகிவிடும். அதனால் வெளியோட்டம் கூடுதல் நேரம் ஓடினாலும், குறைந்த நேரம் வேகமாக ஓடிய உள்ளோட்டமே மணல் விஷயத்தில் ஜெயிக்கும். ஆழம் குறைந்த கழிமுகங்களில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் எளிது. ஆழமான நீரில் ஓத அலை வேகமாகப் போகும், ஆழம் குறைந்த நீரில் மெதுவாகப் போகும். ஆக உயர்நீர் தாழ்நீரை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. மேலே போகப் போக ஏற்றம் செங்குத்தாகவும் வற்றம் நீட்டி இழுத்தாற்போலவும் ஆகிவிடும்.

சுற்றிலும் அகலமான சேற்றுத் தரை இருந்தால் கதை மாறலாம். உயர்நீரில் அந்தத் தரை முழுக்கப் பரவி நீர் தயங்கி நிற்கும், பின்பு வாய்க்காலில் இறங்கும்போது வேகமெடுக்கும். அங்கே வெளியோட்டம் வலுவாக இருப்பது சகஜம். ஆற்றில் வரத்து அதிகமுள்ள காலத்திலும் வெளியோட்டத்துக்குத்தான் பலம் கூடும். எனவே அட்டவணையில் கிடைத்த விடையை ஓர் ஊகமாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மீதியைத் தரையில் பார்க்கலாம்.

உயிருக்குப் பாதுகாப்பு

நீர் வடிந்துகொண்டிருக்கும்போதே இறங்குங்கள், தாழ்நீர் நேரத்துக்கு முன்பே திரும்பி நடக்கத் தொடங்குங்கள். தனியாகப் போகாதீர்கள். கரையில் இருக்கும் ஒருவருக்கு நீங்கள் திரும்பும் நேரம் தெரிந்திருக்க வேண்டும். ஏற்றம் உங்கள் பின்னாலிருக்கும் தாழ்ந்த வாய்க்காலைத்தான் முதலில் நிரப்பும். முன்னால் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. பளபளவென்று ஈரமாக, அடிச்சுவடு எதுவும் இல்லாமல் கிடக்கும் சேறு புதிது, அதில் கால் வைக்காதீர்கள். கால் புதைந்துவிட்டால் இழுத்துப் பிடுங்கப் பார்க்க வேண்டாம். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, உடல் எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி எடுங்கள். இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்களை நான் தரையில் இறங்க விடுவதில்லை.

முகத்திலிருந்து தலை வரை ஒரு நடை

ஒரே நாளில் முழுக் கழிமுகத்தையும் பார்க்க முடியாது. மூன்று இடம் பார்த்தால் போதும்: கடல் வாய்க்கு உட்புறம், நடுப்பகுதி, உப்பு முடிந்து ஆறு தொடங்கும் தலைப்பகுதி.

வாயருகே பெரும்பாலும் மணல்தான் கிடக்கும். கைலென்ஸில் பார்த்தால் சிப்பி உடைசல் கலந்திருக்கும், மணலும் ஓரளவு ஒரே அளவில் சலித்த மாதிரி இருக்கும். இது கடல் கொண்டுவந்தது. வாயை மணல்திட்டு அடைத்து நிற்பதால் அலை உள்ளே வரமுடியாது, ஓதம் மட்டும் வரும். குறுகிய வாயில் பாய்ந்து வந்த நீர் உள்ளே விரிந்ததும் வேகம் இழந்து மணலை விசிறி போலப் போட்டுவிடுகிறது. தலைப்பகுதியிலும் மணல் இருக்கும், சில இடங்களில் கூழாங்கல்லும் இருக்கும். ஆனால் அதில் சிப்பி இருக்காது. மணிகளின் அளவு கலவையாக, முனைகள் கூர்மையாக இருக்கும். மேலே இருக்கும் பாறை எதுவோ அதன் துண்டுகள் தெரியும். இது ஆற்றுடையது.

நடுப்பகுதியில் சேறு. இரண்டு பக்கத்து வேகமும் ஓய்ந்துபோகிற இடம் அது. மணல், சேறு, மறுபடி மணல் என்ற இந்த மூன்று துண்டு அமைப்பு அலை வலுவாக அடிக்கும் கரையிலுள்ள கழிமுகங்களில் மிகத் தெளிவாக இருக்கும். புனல் மாதிரி விரிந்த, ஓதம் மேலோங்கிய கழிமுகங்களில் நடுவிலும் நீளமான மணல்மேடுகள் ஓடும், சேறு ஓரங்களுக்கு ஒதுங்கிவிடும். உங்கள் கழிமுகம் எந்த வகை என்பதை இந்த நடையிலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

நிலத்தின் வயதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 20,000 ஆண்டுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. கடல் ஏறி, பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்து, 6,000 அல்லது 7,000 ஆண்டுக்கு முன்தான் வேகம் தணிந்தது. நாம் காணும் கழிமுகங்கள் அதற்குப் பின் நிரம்பிக்கொண்டு வருபவை. மண்ணியல் கணக்கில் இவை குழந்தைகள்.

விரலால் மண்ணை அறிவது

மண்மணிகளின் அளவுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோலை 1922-ல் அமெரிக்க மண்ணியலாளர் வென்ட்வொர்த் வகுத்தார். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.063 மில்லிமீட்டர் வரை மணல். அதற்குக் கீழே 0.004 வரை வண்டல். அதற்கும் கீழே களி, அதாவது களிமண். சேறு என்று நாம் சொல்வது வண்டலும் களியும் கலந்தது.

ஒரு சிட்டிகை ஈரமண்ணை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். தனித்தனி மணியாக உறுத்தினால் மணல். உறுத்தல் மறைந்து மாவு போல வழுக்கி, காய்ந்ததும் உதறினால் தூசியாகப் போய்விட்டால் வண்டல். விரல் ரேகைக்குள் ஒட்டிக்கொண்டு, உதறியும் போகாமல் கறையாக நின்றால் களி. உருட்டினால் நூல் போலத் திரிந்து உடையாமல் வளைந்தால் களி தாராளமாக இருக்கிறது. பல்லில் கடித்துப் பார்க்கும் பழக்கம் மண்ணியலாளர்களிடம் உண்டு. கழிமுகச் சேற்றில் அதைச் செய்ய வேண்டாம், எந்தச் சாக்கடை கலந்திருக்கிறதோ.

வாய்க்கால் ஓரத்திலிருந்து கரைப்பக்கமாக நடந்துகொண்டே இதைச் செய்யுங்கள். தாழ்வான இடத்தில் மணல், மேலே போகப் போக வண்டல், புல்லோ அலையாத்தியோ தொடங்கும் இடத்தில் களி. உயரம் கூடக் கூட மண் நுண்மையாகிக்கொண்டே போகும். மேட்டுக்கு வரும் நீர் ஏற்றத்தின் கடைசி மூச்சில் வருவது. அதற்குப் பெரிய மணியைத் தூக்க வலுவில்லை.

மணல் வரிகளைப் படிக்கும்போது

நீர் வடிந்த மணலில் வரி வரியாக மேடு பள்ளம் இருக்கும். ஓட்டத்தால் ஆன வரியில் ஒரு பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். செங்குத்துப் பக்கம் பார்க்கும் திசைதான் நீர் போன திசை. இரண்டு பக்கமும் ஒரே சாய்வாக, முகடு நேராக, இடையிடையே கிளை பிரிந்து கிடந்தால் அது அலை செய்த வரி. அலை அடங்கிய இடத்தில் இந்த இரண்டாவது வகை நிறையத் தென்பட்டால், ஏதோ ஒரு திசையிலிருந்து காற்று நீண்ட தூரம் நீர்மேல் ஓடி வர வழியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கையளவு வரிகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கின்றன, ஆகவே மணல் கடலுக்குப் போகிறது என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஓரிரு சென்டிமீட்டர் உயரமுள்ள சின்ன வரியை ஓட்டம் கொஞ்ச நேரத்திலேயே திருப்பிவிடும். நீங்கள் பார்ப்பது கடைசியாக வடிந்த நீரின் கையெழுத்து மட்டும்தான். நீண்ட நாள் கணக்கு வேண்டுமென்றால் பெரிய மேடுகளைத் தேடுங்கள்: முகட்டுக்கு முகடு பல மீட்டர் இடைவெளி, முழங்கால் உயரம். இவ்வளவு மணலை ஒரே ஓதத்தால் திருப்ப முடியாது. சின்ன வரிகள் வெளிப்பக்கமும், அவற்றைச் சுமக்கும் பெரிய மேட்டின் செங்குத்து முகம் உள்பக்கமும் பார்த்தால், மொத்தத்தில் அங்கே மணல் உள்ளேதான் நகர்கிறது.

ஒரே கழிமுகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாய்க்கால்கள் எதிர் விடை சொல்லும். அதிர்ச்சி வேண்டாம். உள்ளோட்டத்துக்கு ஒரு தடம், வெளியோட்டத்துக்கு ஒரு தடம் என்று நீர் பிரித்துக்கொள்வதை நெதர்லாந்தில் பொறியாளர் வான் வேன் 1950-லேயே விரிவாக வரைந்து காட்டினார். உள்ளோட்டத் தடம் மேல்பக்கமாகப் போய் மேடேறி முட்டுச்சந்தாக முடியும். வெளியோட்டத் தடம் கடல்பக்கம் போய் முடியும். நடுவிலுள்ள மேட்டைச் சுற்றி மணல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். தூர்வாரியவர்கள் ஒரு பக்கம் அள்ளினால் மறுபக்கத்திலிருந்து சுற்றி வந்து நிரப்புவது இந்த வட்டம்தான்.

வெட்டிப் பார்த்தால்

மணலும் சேறும் சந்திக்கும் இடமாகப் பார்த்து முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். ஒரு சுவரை ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பால் மேலிருந்து கீழாக வழித்துச் சுத்தம் செய்யுங்கள். குறுக்கே வழித்தால் கோடுகள் கலங்கிவிடும். நீர் ஊறி வந்து சுவர் சரிவதற்குள் ஒரு நிமிடமோ இரண்டோ கிடைக்கும், முதலில் படம் எடுத்துவிடுங்கள்.

மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்பு நிறம். அதற்குக் கீழே கறுப்பு, அழுகிய முட்டை வாடை. மேலே காற்று எட்டுகிறது, கீழே எட்டவில்லை, இரும்பும் கந்தகமும் சேர்ந்து கறுத்துவிட்டது. இந்தக் கறுப்பைக் கண்டு உடனே மாசு என்று எழுதிவிட வேண்டாம். ஆரோக்கியமான சேற்றிலும் இது இருக்கும்.

இப்போது கோடுகளைப் பாருங்கள். வெளிர் மணலுக்கு நடுவே தகடு தகடாக மெல்லிய கருங்கோடுகள், ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ. ஒவ்வொரு கோடும் நீர் நின்ற ஒரு பொழுது. நீர் ஓடியது, மணல் வந்தது. நீர் நின்றது, அதன்மேல் சேறு மெல்லப் படிந்தது. மறுபடி ஓடியபோது அந்தச் சேற்றை முழுக்கக் கிளப்ப முடியாமல் மேலே மணலைப் போட்டு மூடியது. மணல் வரிகளின் பள்ளத்தில் மட்டும் சேறு பிறை பிறையாக ஒதுங்கியிருந்தால் அங்கே ஓட்டத்தின் கை மேலோங்கியிருக்கிறது. சேற்றுக்குள் மணல் சின்னச் சின்ன அவரை விதை வடிவில் சிக்கியிருந்தால் நிற்கும் நேரத்தின் கை மேலோங்கியிருக்கிறது. இரண்டும் சமமாக அலையலையாக ஓடினால் நீங்கள் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இரட்டைக் கோடு. எப்போதும் நீருக்கடியில் இருக்கும் தரையில், உயர்நீரில் நிற்கும்போது ஒரு சேற்றுக்கோடு, தாழ்நீரில் நிற்கும்போது இன்னொன்று. இடையில் பலவீனமான ஓட்டம் போட்ட மிக மெல்லிய மணல். அப்புறம் வலுவான ஓட்டம் போட்ட தடித்த மணல். மறுபடி ஒரு ஜோடி. நீர் வடிந்து வெளியே தெரியும் தரையில் தாழ்நீர்க் கோடு விழ வாய்ப்பில்லை, அப்போது அங்கே நீரே இல்லை. அதனால் கழிமுகத்து ஆற்றங்கரை வெட்டுமுகத்தில் பழைய படிவு ஒன்றில் இந்த ஜோடிக் கோடுகளைப் பார்த்தால், அந்த இடம் ஒரு காலத்தில் ஓத வாய்க்காலின் அடித்தளமாக இருந்தது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

நல்ல வெட்டு கிடைத்தால் தடிமனை ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். பெரிய ஓத நாட்களில் மணல் தடிமன் கூடும், சிறிய ஓத நாட்களில் குறையும். இந்தக் கூடுதல் குறைவு பாறையாக இறுகிய பின்னும் அழிவதில்லை. தென் ஆஸ்திரேலியாவில் 60 கோடி ஆண்டுக்கும் முந்தைய ஓதப்படிவுகளில் இந்தத் தகடுகளை எண்ணித்தான், அன்றைக்கு ஒரு நாள் ஏறக்குறைய 22 மணி நேரமே இருந்தது என்று கணக்கிட்டார்கள். ஸ்கேலை வைத்து சேற்றில் அளக்கும்போது நாம் செய்வதும் அதே வேலை.

சேறு எப்படித் தங்குகிறது

இதுதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி.

0.1 மில்லிமீட்டர் மணல்மணி அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் இரண்டு நிமிடம். 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851-ல் கொடுத்த சூத்திரத்தில் போட்டால் கிடைக்கும் விடை இது. ஓதத்தில் நீர் நிற்பதோ அரை மணி, முக்கால் மணி. அப்படியானால் களி கழிமுகத்தில் தங்கவே கூடாது, எல்லாம் கடலுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் போகவில்லை. காரணம் உப்பு.

களித்துகள்கள் எல்லாவற்றின் மேற்பரப்பிலும் ஒரே வகையான எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம் இருக்கிறது. ஆற்று நீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். உப்பு கலந்ததும் அந்தத் தள்ளல் அடங்கி, மோதும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. கடல் நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்றால், இந்தத் திரளல் தொடங்க அதில் சிறு பங்கே போதும். நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் சேர்ந்துகொள்ளும். திரண்ட கட்டிகள் வினாடிக்கு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று இறங்கும். ஒரு மீட்டருக்கு அரை மணியோ அதற்குள்ளோ. இப்போது நீர் நிற்கும் நேரத்துக்கும் கணக்குக்கும் ஒத்துப்போகிறது.

இதை வீட்டில் பார்க்கலாம். உப்பு எட்டாத மேல் ஆற்றிலிருந்து கொஞ்சம் சேறு எடுங்கள். ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பைக் கரையுங்கள். இரண்டிலும் அரை தேக்கரண்டி சேற்றைப் போட்டு, ஒரு நிமிடம் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் அருகருகே வையுங்கள். மணல் இரண்டிலும் உடனே இறங்கிவிடும். அதன்பின் உப்புப் பாட்டிலை உற்றுப் பாருங்கள். கலங்கலில் முதலில் சின்னப் புள்ளிகள் தோன்றும், புள்ளிகள் பஞ்சுத் துகள் போலப் பெருக்கும், பெருத்ததும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கத் தொடங்கும். மேலிருந்து ஒரு தெளிந்த பட்டை உருவாகி அகலமாகிக்கொண்டே வரும். நன்னீர்ப் பாட்டில் மறுநாள் காலையிலும் மங்கலாகவே இருக்கலாம். பாட்டிலை அசைக்காமல் விட்டால் உப்புப் பாட்டிலின் அடியில் சேறு தளர்வாக, மணலைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக் கிடப்பதையும் பார்ப்பீர்கள். அந்தத் தளர்வுதான் எங்கள் தொழிலுக்குத் தலைவலி. ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் 200 கிலோஹெர்ட்ஸ் எதிரொலிமானி அந்தத் திரவச் சேற்றின் மேல்முகத்தைத் தரை என்று காட்டும். 30 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய குறைந்த அதிர்வெண் அதை ஊடுருவி இன்னும் கீழே காட்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு மீட்டர் கூட வித்தியாசம் வரலாம். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தில் கன மீட்டருக்கு 1,200 கிலோ அடர்த்தி வரும் ஆழத்தைத்தான் கப்பலுக்கான தரை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, சேறு இறங்கிவிட்டது. அடுத்த வற்றத்தில் அது ஏன் திரும்பிப் போகவில்லை?

ஒரு துகளைப் பின்தொடருங்கள். ஏற்றத்தோடு உள்ளே போகிறது. வேகம் குறையும்போது இறங்கத் தொடங்குகிறது, ஆனால் இறங்கி முடிப்பதற்குள் நீர் அதை இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே கொண்டுபோய்விடுகிறது. கரையோரத்தில், ஆழம் குறைந்த இடத்தில் படிகிறது. இப்போது நீர் திரும்புகிறது. அந்த ஓரத்தில் ஓட்டம் வலுப்பெற நேரமாகும். அதற்குள் துகளைக் கொண்டுவந்த நீர் வெளியே போய்விட்டது, பின்னால் வரும் நீர்தான் அதைக் கிளப்ப வேண்டும். படிந்த களியைக் கிளப்ப, அது படிந்தபோது இருந்ததைவிட அதிக வேகம் தேவை. 1935-ல் சுவீடன் ஆய்வாளர் யூல்ஸ்ட்ரோம் வரைந்த வளைகோட்டில் இது தெளிவாகத் தெரியும்: மிக எளிதில் நகர்வது மெல்லிய மணல்தான், இறுகிய களியைக் கிளப்பக் கூழாங்கல்லை நகர்த்தும் அளவுக்கு வேகம் கேட்கும். ஆக அந்தத் துகள் தாமதமாகக் கிளம்புகிறது, முன்பு புறப்பட்ட இடம் வரை திரும்பிப் போவதற்குள் மறுபடி நீர் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு ஓதத்திலும் ஒரு படி உள்ளே. வட கடலோரத்து வாடன் கடலின் சேறு இப்படித்தான் சேர்கிறது என்று 1950-களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வான் ஸ்ட்ராட்டனும் குனனும், போஸ்ட்மாவும் விளக்கினார்கள். ஆற்றிலிருந்து ஒரு துளி சேறு வராவிட்டாலும் கழிமுகம் தூர்ந்துபோக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இதற்குமேல் உப்பு நீரின் எடையும் வேலை செய்கிறது. கடல் நீர் கனம், அடியில் புகும். ஆற்று நீர் லேசு, மேலே போகும். ஏற்றத்தையும் வற்றத்தையும் கழித்துப் பார்த்தால் தரையோரத்தில் மிஞ்சுவது உள்நோக்கிய ஓட்டம். மேல் நீரில் கடலுக்குப் போன துகள் இறங்கியதும் அடி நீரில் மாட்டித் திரும்பி வருகிறது. உப்பு முடியும் இடத்தருகே சேறு குவிந்து, அந்தப் பகுதி மேலேயும் கீழேயும் இருப்பதைவிடக் கலங்கலாக இருக்கும். பிரான்சின் ஜிரோந்து கழிமுகத்தில் இந்தக் கலங்கல் லிட்டருக்கு ஒரு கிராமைத் தாண்டுவது வழக்கம். உங்கள் கழிமுகத்தில் கண்டுபிடிக்கப் பாட்டிலே போதும். ஒரே நாளில், ஓதத்தின் ஒரே கட்டத்தில், பாலங்களிலும் படித்துறைகளிலும் நின்று ஒவ்வொரு பாட்டில் நிரப்பி வரிசையாக வைத்தால், மிகக் கலங்கிய பாட்டில் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வறட்சியில் அந்த இடம் மேலே ஏறும், ஆற்று வெள்ளத்தில் கீழே இறங்கும். ஆகவே தேதியை மறக்காமல் எழுதுங்கள்.

உயிர்களின் வேலை

வெயில் பட்ட சேற்றுப் பரப்பில் பொன்பழுப்பு நிறத்தில் ஒரு படலம் தெரியும். டயட்டம் என்ற நுண்பாசி அது. அது சுரக்கும் பசை சேற்றுத் துகள்களைப் பிணைக்கிறது. படலம் உள்ள சேற்றைக் கிளப்ப, இல்லாத சேற்றைவிட நல்ல வேகம் வேண்டும். சிப்பிகள் நீரை வடிகட்டி, தின்னாத களியைக்கூட உருண்டையாக்கி வெளியே தள்ளுகின்றன. தனியே இறங்க நாட்கணக்கில் எடுத்துக்கொள்ளும் களி அந்த உருண்டையில் மணல் மாதிரி இறங்கிவிடும். நண்டும் புழுவும் நேர் எதிர், வளை தோண்டி, அடிமண்ணை மேலே கொட்டி, உங்கள் அழகான கோடுகளைக் கலைத்துவிடும். கோடே இல்லாமல் மொழுமொழுவென்று ஒரு வெட்டு கிடைத்தால் முதலில் வளைகளை எண்ணுங்கள். புல்லும் அலையாத்தி வேரும் ஓட்டத்தைத் தணித்துச் சேற்றைப் பிடித்து வைக்கும், அதனால் மேடு உயரும், மேலும் செடி வரும்.

வளர்கிறதா, கரைகிறதா

ஒரு பார்வையில் தெரியும் அடையாளம் தரையின் வடிவம். வாய்க்காலிலிருந்து கரைவரை குறுக்கே பாருங்கள். தரை புடைத்தாற்போல் குவிந்திருந்தால் பெரும்பாலும் அங்கே சேறு சேர்கிறது. குழிந்திருந்தால் சிற்றலைகள் அரிக்கின்றன. புல்வெளி ஓரம் செங்குத்தாக அறுந்து, வேர் தொங்கினால் அரிப்பு. ஆனால் அறுந்த ஓரத்துக்கு முன்னால் புதிய நாற்று முளைத்திருந்தால் நிலைமை திரும்பிக்கொண்டிருக்கலாம்.

எண் வேண்டுமென்றால் ஓடு புதையுங்கள். சாதாரணத் தரை ஓடு ஒன்றை 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில், மட்டமாக, பக்கவாட்டிலிருந்து குடைந்து செருகுவது நல்லது. மேலிருக்கும் சேறு கலையாது. இடத்தைக் கண்டுபிடிக்கச் சற்றுத் தள்ளி இரண்டு கம்பு நட்டு, ஓட்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டை ஒட்டியே கம்பு நட்டால் அதைச் சுற்றி நீர் பள்ளம் தோண்டி அளவைக் கெடுத்துவிடும். முதல் அளவை உடனே எடுக்காதீர்கள், ஒரு பெரிய ஓதச் சுற்று போகட்டும். பின்பு மெல்லிய கம்பியைக் குத்தி ஓடு தட்டுப்படும் ஆழத்தை ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். மாதம் ஒரு தடவை, ஓதத்தின் அதே கட்டத்தில் அளந்தால் போதும்.

ஓர் ஆண்டு ஓடினால் வரைபடம் ஒரே சீராக ஏறியிருக்காது. மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், ஒரு ஆற்று வெள்ளத்தில் திடீரென்று துள்ளும். 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் மழை அமெரிக்காவின் சஸ்குவஹானா ஆற்றில் இறங்கியபோது, செசபீக் விரிகுடாவுக்கு ஆண்டுக்கணக்கில் வர வேண்டிய வண்டல் சில நாட்களில் வந்து சேர்ந்தது. சின்ன ஆறுகளிலும் இதே சுபாவம்தான். வெள்ளம் வடிந்த முதல் வாரத்தில் தவறாமல் போய் அளந்துவிடுங்கள், அந்தப் புதுச் சேற்றில் ஒரு பகுதியை அடுத்தடுத்த ஓதங்கள் எடுத்துக்கொண்டு போய்விடும்.

அளவோடு கூட, கழிமுகத்தில் மனிதர் செய்த மாற்றத்தையும் அதே நோட்டில் எழுதுங்கள்: மேலே அணை, ஓரத்தில் மண்ணடித்து நிரப்பிய நிலம், தூர்வாரிய தேதி. அணை ஆற்று மணலைப் பிடித்துவைக்கும், தலைப்பகுதி பட்டினி கிடக்கும். ஓரத் தரையை நிரப்பினால் ஒவ்வொரு ஓதத்திலும் உள்ளே வந்து போகும் நீரின் கொள்ளளவு குறையும். வாயின் அகல ஆழம் அந்தக் கொள்ளளவைப் பொறுத்தது என்று அமெரிக்கப் பொறியாளர் ஓ'பிரையன் 1931-லேயே காட்டிவிட்டார். உள்ளே நிரப்பிய நிலத்தின் விளைவு வெளியே வாயில் மணல் அடைப்பாக வந்து நிற்கும், பல ஆண்டு கழித்துக்கூட. கழிமுகத்து ஓரத்தில் ஒரு பிடி மண்ணைக் கொட்டுமுன் இதை யாராவது கேட்க வேண்டும் என்று நான் போகும் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறேன். உங்கள் நோட்டில் ஓட்டின் அளவும், பாட்டில் வரிசையின் படமும், வெட்டுமுகத்தின் கோடுகளும் தேதியோடு இருந்தால், அந்தக் கூட்டத்தில் நீங்கள் அதை மேசைமேல் எடுத்து வைக்கலாம்.